தகரக் கதவில் ஒட்டிய தாள்

என் அப்பாவுக்கு, வண்டிச் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலுக்கு ஓடிவிடும் உங்கள் மகள் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உங்கள் பையை வாங்கி வர நானும் அம்மாவும் பென்னாகரம் பக்கம் நீங்கள் கட்டிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். அன்று உயரத் தூண்களுக்கு மேலே தொட்டியின் அடித்தட்டுக்குக் கான்கிரீட் போடும் நாள். தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்த இடத்தில் பிற்பாடு ஒழுகும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் யாரும் தொடங்கவே இல்லை.

“சாரே இல்ல. இந்தப் புள்ளய நம்பி எப்படிங்க எறங்கறது?” என்றார் மேஸ்திரி மாது. புள்ள என்றது, உங்களுக்கு அடுத்த சூப்பர்வைசர் மல்லிகா அக்காவை.

அக்கா, சிமெண்ட் கொட்டகையின் தகரக் கதவில் நீங்கள் ஒட்டிய தாளைக் காட்டி, “சத்தமாப் படி கண்ணு” என்றார். பூசை போட்ட இடத்தில் கெட்டதை எழுதலாமா என்று மேஸ்திரி சண்டை பிடித்ததால், ‘ஆபத்துகள்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒருவேளை’ என்று நீங்கள் தலைப்பை மாற்றிய தாள்.

ஒருவேளை கான்கிரீட் கலக்கும் மிக்சர் நின்றால், இன்னொன்று டீசலோடு தயாராக இருக்க வேண்டும். ஒருவேளை மழை வந்தால், தார்ப்பாய் மேலேயே இருக்க வேண்டும். கடகடவென்று படித்துக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் திக்கினேன்.

“ஒருவேளை நான் வராவிட்டால், மல்லிகா சொல்வதுதான். அவர் போட்ட இரண்டு தளமும் ஒழுகவில்லை.”

அதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம் நின்றதா அப்பா? வெறும் காய்ச்சலை நினைத்துத்தான் எழுதினீர்களா?

மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார். “போயும் நம்மள சும்மா வுட மாட்டேங்கறாரே இந்த மனுசன்! சொல்லுங்க மல்லிகாம்மா, கெளப்பலாமா?”

பாதி வேலையில் மிக்சர் பெல்ட் அறுந்தது. திரும்பிப் பார்த்தால், இரண்டாவது மிக்சர் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. முதல் துளி விழுமுன் தார்ப்பாய் விரிந்தது. வரப்போவதையெல்லாம் நீங்கள் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சட்டியைக் கொட்டியதும் மல்லிகா அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தொட்டியில் முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பும் நாளில் நான் அதன் அடியில் நின்று, ஒரு சொட்டாவது ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். இது சத்தியம். ஒருவேளை நான் வர முடியாவிட்டால், அம்மா பார்ப்பார். அவரிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த,
உங்கள் மூத்த பெண்