நீ முதலில் வாசித்த மெயில்கள்

“ஏட்டி, பாப்பா, ஐமேப்பா? எதை அமுக்கட்டும்?”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீ போனில் கேட்ட கேள்வி. இன்று காலை ராஜபாளையத்தில் என் புதுப் போனில் நம் மெயிலைச் சேர்க்கும்போது, பாப் (POP), ஐமேப் (IMAP) என்ற அதே இரண்டு பெயர்களும் திரையில் வந்து நின்றன.

நாம் இருவரும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, பழைய மாணவிகள் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே முகவரியை உண்டாக்கித் தந்தார்கள். பள்ளியில் நம்மைத் தனித்தனியாகப் பார்த்ததில்லை அல்லவா? அதை உன் கணினியில் சேர்க்கும்போதுதான் அப்படிக் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், “சின்னப் பேரா இருக்கு, பாப்பே போதும்” என்று அமுக்கிவிட்டாய்.

அதன் பிறகு நான் திறந்தபோதெல்லாம் பெட்டி காலி. பாப் என்பதால் உன் கணினி, சர்வரிலிருந்த கடிதங்களை இறக்கிக்கொண்டு, அங்கே இருந்ததை அழித்துவிடும். ஐமேப் என்றால் கடிதம் சர்வரிலேயே இருக்கும், இருவரும் அவரவர் வீட்டிலிருந்து பார்க்கலாம். உனக்குப் புரியட்டும் என்று ஆசிரியர் அறை வார இதழை உதாரணம் சொன்னேன். மேசையில் கிடந்தால் எல்லோரும் படிக்கலாம். நீயோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாய்.

“மறுநா தொடர்கதைய ஒனக்குச் சொல்லலயா? இப்பவும் வாசிச்சுக் காட்டத்தானே செய்யுதேன். பொறவு என்ன?”

வாசித்தாய்தான். நசீமாவின் கடிதத்தையும் வாசித்தாய். கணக்கென்றால் அழுத பெண். பள்ளி விட்ட பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் நான். கடிதம் முழுக்க உன் தமிழ் வகுப்பு.

“என்னைப் பத்தி?”

“கேட்டிருக்கா. நல்லா இருக்கீகளான்னு.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். ஏட்டி, ஒனக்குப் பொறாம.”

ஆமாம், பொறாமைதான். எனக்கான வரிகளை நீ விழுங்கிவிட்டாய் என்றே நம்பினேன். என் கண்ணால் அந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

உன் பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பிறகு உன் மகனிடம் கேட்டேன். “கம்ப்யூட்டர் போயிட்டு பெரியம்மா. கடைல குடுத்தும் ஒண்ணும் எடுக்க முடியல. சர்வர்லயும் இல்ல” என்றான்.

நசீமாவிடமே திரும்ப அனுப்பச் சொல்லலாம். அவளிடம் இருக்கும். கேட்க மனம் வரவில்லை. நீ வாசித்தது முழுவதும் சரியாக இருந்துவிட்டால்?

இன்று ஐமேப்பை அமுக்கினேன். உன் செய்தி அறிந்த பெண்கள் எழுதியவை வரிசையாக வந்தன. எல்லாம் உன்னைப் பற்றியே. முதலில் வாசிப்பவள் இப்போது நான்தான். பொறாமை மட்டும் குறையவில்லை. அவர்கள் எழுத்தில் எனக்கு இடமிருந்ததோ இல்லையோ, வாசித்துக் காட்ட நீ தேடியது என்னைத்தான். அந்தக் குரல்தான் என்னிடம் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. பாப் வைத்திருந்தால், இன்றே அதன் அமைப்பைத் திறந்து, ‘சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள்.