பூ கேட்காமல் திரும்பினேன், அக்கா

அக்கா,

சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் அரளி வாசம் போகவில்லை. காலையில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்து, ஒரே மாதிரிக் காகிதத்தில் தனித்தனியாக மடித்து மாரியம்மன் காலடியில் வைத்தேன். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், முடிவாகச் சொல்லிவிட்டார்: "செவப்பு வந்தா என்னைச் சேலத்துக்குக் கூப்புடாத."

அவருக்கு இதயத்தில் வால்வு பழுது. தள்ளிப்போட்டால் தாங்காது என்கிறார் டாக்டர். நாளைக் காலை சேலம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

முன்பு அவருக்குக் குடல் ஆபரேஷன் என்றபோதும் என் கைதான் எடுத்தது. வெள்ளை வந்தது, பிழைத்தார். சாமி உண்டா என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்தேன். இந்த வீட்டுக்கு எனக்கு முன்பே வந்த மூத்த மருமகள் நீங்கள் மட்டும், வெங்காயம் உரித்தபடி கேட்டீர்கள்:

"ஏம்புள்ள, செவப்பு வந்து, ஆபரேஷன் இல்லாமயே பொழச்சிருந்தா?"

"அதுவும் ஆத்தா புண்ணியந்தாங்க்கா."

"பொழைக்காம போயிருந்தா?"

"வாயக் கழுவுங்க்கா!"

"கழுவறேன். நீ பதிலச் சொல்லு."

பிறகு உங்களுக்கே கருப்பையில் கட்டி வந்தது. நான் எடுத்தேன். சிவப்பு. நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள். "ரெண்டுலயும் வெள்ளைய வெச்சு இன்னொரு தரம் மடி. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா." பையை எடுத்துக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்; நானும் கூடவே வந்தேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "வெளிய உக்காந்து கும்புட்டுக்கிட்டே இரு. சாமி வருதோ இல்லியோ, நீ இருக்கேன்னு எனக்குத் தெரியோணும்."

அந்தச் சிவப்புப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. பதில்தான் வந்துவிட்டதே. பக்கத்து நாற்காலி காலி. ஆனாலும் நான் தனியாக இல்லை, அக்கா. யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி நெஞ்சு அடங்கியது. இதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே.

நீங்கள் நலமாக வந்தீர்கள். எத்தனையோ வருஷம் எங்களோடு இருந்தீர்கள். போன மழைக்காலத்தில் உங்களைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார்: "அன்னைக்கே செவப்பு வந்துச்சு. மீறிப் போனா. ஆத்தா விடுவாளா?"

வீட்டுக் கணக்கு எழுதி எழுதியே கூட்டல் கற்றவள் நான். எப்படி எழுதினாலும் சரியாக வந்துவிடுகிற கணக்கில் எங்கோ தப்பு இருக்கும். அப்படியானால் என் வெள்ளைப் பூ? பூவை நம்பினால் அவரையே இழக்கலாம். நம்பாவிட்டால், இத்தனை நாள் ஊருக்கெல்லாம் நான் சொன்னது என்ன? கையை நீட்டவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. இரண்டிலும் வெள்ளையை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். உங்கள் சிரிப்பு கேட்டது. ஆனால் ஆத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய வரவில்லை.

"என்னம்மா, எடுத்தாச்சா?" கோயில் வாசலில் நின்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

இரண்டு மடிப்பையும் பிரித்தேன். "ஆத்தா, நான் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு எங்ககூட வா."

வீட்டில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்ன வந்துச்சு?"

"பூ கேக்கலீங்க. போலாம்."

போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பயமா இருக்குது."

"எனக்குந்தாங்க. நான் வெளிய உக்காந்திருப்பேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: "வேட்டி எத்தன எடுத்து வெச்ச?"

பயம் போகவில்லை, அக்கா. வெள்ளையும் சிவப்பும் ஒரே முடிச்சில் என் முந்தானையில் இருக்கின்றன. நாளை அங்கே பக்கத்து நாற்காலியில் பையை வைக்க மாட்டேன்.