குழியடியில் நீங்கள் தந்த மண்

மாமாவுக்கு,

இன்றும் பள்ளிமுனையில் இரண்டு படகு எஞ்சின் திருத்தினேன். கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

பெண் கேட்டு வந்த என்னை வாசல் படலையிலேயே நிறுத்தி, "கிறீஸ் கையனுக்கு என்ர பிள்ளை வேணுமாம்" என்று ஊர் கேட்கச் சிரித்தீர்கள். அதை மனதில் வைத்துத்தான், பிறகு என் மனைவியான உங்கள் மகள் றொஷேலை அடக்கம் செய்த அன்று, குழிக்கு மண் போடக் குனிந்த உங்கள் கையை எல்லோர் முன்னாலும் பிடித்தேன்.

"நீங்கள் போடவேண்டாம்."

நீங்கள் கோபிக்கவில்லை. "சரி தம்பி. எனக்காக நீங்கள் போடுங்கோ" என்று மண்ணை என் கையில் வைத்தீர்கள். பெற்ற தகப்பன், அத்தனை பேர் நடுவில். எந்த எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். இதை ஒரு மனிதர் எப்படித் தாங்கினார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

போட்டேன், மாமா. "இது அப்பா போடுறது" என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

உங்கள் மருமகன்