போல்ட்டுக்குள் இருந்த நீலக் கிரீஸ்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி எஸ்பெனுக்கு, அக்கா ரக்னா எழுதுவது. அவர் கிருபையால் நானும் உன் அத்தான் ஹால்வாரும் சுகமாக இருக்கிறோம். சியாட்டிலில் உன் சுகத்துக்காகவும் பட்டறை வேலைக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இன்று காலையும் ஜெபித்தேன். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

இங்கே பதினேழு நாளாக விடாத மழை. அலாஸ்காவில் உள்ள மேகமெல்லாம் நம் தீவின் மேல் வந்துதான் துணி பிழிகிறது என்று பக்கத்து வீட்டு பெரிட் சொல்கிறாள். சால்மன் மீன் வற்றல் போட்டதில் பாதி பூசணம். தேவாலயக் கூரை ஒழுகுகிறது. போதகர் குடைக்குக் கீழே நின்று பிரசங்கம் செய்தார், சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தானுக்கு வலது கை மணிக்கட்டில் புண் முழுவதும் ஆறிவிட்டது. விரல்கள் இல்லையே தவிர, அந்தக் கையாலேயே காபிக் கெட்டிலைத் தூக்குகிறார். இரவல் துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சுடப் பழகுகிறார். நவம்பரில் மான் வேட்டைக்குப் போயே தீருவேன் என்கிறார். நான் தடுக்கவில்லை. போன வாரம் அவர்தான் சொன்னார்: "என் ரைபிளைப் பரணிலேருந்து எடு ரக்னா. இந்த ஈரத்துல துருப்பிடிச்சுக் கிடக்கும். நடந்ததுக்கு அது என்ன பண்ணும், பாவம்."

பதினோரு மாதமாக அதை நான் தொடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே நீதான் அதை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டாய். "நீ இதைப் பிரிக்கவே வேணாம்க்கா, உன் மனசு தாங்காது" என்றாய். எவ்வளவு பாசமுள்ள தம்பி என்று அன்றைக்கு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பிரித்தேன்.

எஸ்பென், இந்தத் தெருவில் மழைக்காலம் வந்தால் துடைத்து எண்ணெய் போட ரைபிள்கள் யார் வீட்டுக்கு வரும்? என் வீட்டுக்குத்தான். எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பழைய கையேடுகளைப் படித்தும், கெடுத்தும், நானே கற்றது. ஈரத் துப்பாக்கியைக் கணப்பு இல்லாத வெளி அறையில்தான் வைக்க வேண்டும், குளிர்ந்த இரும்பு சூட்டுக்கு வந்தால் வியர்க்கும். குழலின் வாயில் டேப் ஒட்ட வேண்டும். வெளியே கிரீஸ் கெட்டியாகப் பூசலாம், தோட்டாவை அடிக்கும் ஊசியும் சுருள்வில்லும் இருக்கிற போல்ட்டுக்குள் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. ஏனென்றால் நம் ஊரில் மழையைவிட, மழை விட்டு வானம் தெளிவதுதான் பயம். வடக்குக் காற்று வந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் உறைந்துவிடும். இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நீ அப்போது கேலி செய்வாய்: "அக்கா துப்பாக்கிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டுத்தான் பைபிளையே எடுப்பா."

எந்த நாள், எந்தத் துப்பாக்கி, எப்படி மழை, என்ன செய்தேன், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. போன நவம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை: "ஹால்வாரின் ரைபிள். போல்ட் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு." அடுத்த வியாழன் நீங்கள் இருவரும் மலைக்குப் போனீர்கள். மதியம் வானம் தெளிந்தது. மானை அறுத்துக்கொண்டிருந்தபோது கரடி வந்தது. உன் அத்தான் விசையை அழுத்தினார், சத்தமே இல்லை. கரடி அவர் வலது கையைக் கவ்வியது. அந்தத் தோட்டா இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது, அதன் பின்புறத்தில் கொசு கடித்த அளவுக்கு ஒரு தழும்பு. ஊசி ஓடிவந்து அடிக்கவில்லை, நகர்ந்து வந்து தொட்டிருக்கிறது.

நீ உன் ரைபிளால் கரடியைச் சுட்டாய். நாலு மணி நேரம் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். அது உண்மை. அதை நான் எந்நாளும் மறுக்க மாட்டேன்.

ஆனால் இறங்கி வந்ததும் துறைமுகத்தில் என்ன சொன்னாய்? "போல்ட்டுக்குள்ள தண்ணி நின்னு உறைஞ்சிருக்கு. அக்கா பாவம், வேலை அதிகம், சரியாத் துடைக்காம விட்டிருப்பா." ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. "அடுப்புப் பக்கம் கொண்டு வந்திருப்பா, வியர்த்திருக்கும்" என்று கடையில் பேசினார்கள். அதன்பின் ஒருவரும் ரைபிளை எடுத்துக்கொண்டு நம் படியேறவில்லை. எனக்கே என் நோட்டின் மேல் சந்தேகம் வந்தது. எழுதிவிட்டுச் செய்யாமல் விட்டேனோ என்று நினைத்தேன். நினைத்து நினைத்துக் கடைசியில் நம்பிவிட்டேன். நவம்பர் மூன்றின் வரிக்குக் கீழே "என் தவறு" என்று எழுதினேன். போதகரிடம் முழங்காலிட்டு அறிக்கை செய்தேன். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதும் பொய்தானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர் பட்ட தடமே இல்லை தம்பி. சுருளும் ஊசியும் தெரியாதபடி கிரீஸ் அடைத்திருந்தது. நீல நிறக் கிரீஸ். இந்தத் தீவில் படகு மோட்டாருக்கு அதைப் பூசினவன் நீ ஒருத்தன்தான், மற்றவர்கள் எல்லோரும் மஞ்சள். ரைபிளின் மரக்கட்டையைக் கழற்றினால் இரும்புக்கு அடியில் உப்பு பூத்திருக்கிறது. கடல் தண்ணீர்.

பெரிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "ஆமா, அந்தத் திங்கக்கிழமை நீ சர்ச் பஜாருக்கு லெஃப்சா ரொட்டி சுடப் போயிருந்தியே, உன் தம்பி கரையில நின்னு ஹால்வாரோட துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சுத் தண்ணியக் கொட்டிட்டிருந்தான். படகுலேருந்து விழுந்துடுச்சு போலன்னு நெனச்சேன். உனக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடையில் தான் பேசியது ஞாபகம் வந்ததோ என்னவோ, அழுதுவிட்டாள்.

கேட்காமல் எடுத்தாய், கடலில் போட்டாய். சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஒரு சொட்டு. திட்டியிருப்பேன், அப்புறம் சூப் ஊற்றிக் கொடுத்திருப்பேன். நீ துருவுக்குப் பயந்து கிரீஸை அடைத்து, பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டுப் போனாய். குளிரில் அந்தக் கிரீஸ் மெழுகாக இறுகியது. அதுவரைக்கும்கூடத் தவறுதான். தவறு யார் கைக்கும் வரும்.

மருத்துவமனையில் அத்தான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் தலையில் வைத்து, "விடு ரக்னா. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கை தவறுனதுக்கு ஆயுசுக்கும் அழுவியா? நான் உன்னை மன்னிச்சாச்சு" என்றார். நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாய். என் தோளைத் தட்டி, "அத்தானுக்குப் பெரிய மனசுக்கா" என்றாய்.

அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை எஸ்பென். மற்ற எல்லாவற்றையும் கர்த்தரிடம் விட்டுவிட்டேன். அந்தத் தட்டலை எங்கே விடுவதென்று தெரியவில்லை.

அத்தானிடம் நான் இன்னும் சொல்லவில்லை, பெரிட்டையும் சொல்லவிடவில்லை. "என் மச்சான் இல்லேன்னா நான் ஏது" என்று காபி குடிக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிற மனுஷன் அவர். என் வாயால் கேட்டால் உன்னை இழப்பார். உன் வாயால் கேட்டால் கோபப்படுவார், கத்துவார், பிறகு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பது அவருக்கு வரும். எனக்குக் கொடுத்ததை அவர் உனக்குக் கொடுக்கட்டும். அது உன்னுடையது.

"ரைபிள் தயாரா?" என்று தினமும் கேட்கிறார். "இன்னும் உலரல" என்கிறேன். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் சொல்லும் முதல் பொய் இது. போல்ட்டைப் பிரித்தபடியே வெளி அறைப் பலகையில் வைத்திருக்கிறேன். கிரீஸைத் துடைக்கவில்லை. உப்புப் பட்ட இடத்தில் துரு நேற்றைவிட இன்று கொஞ்சம் அகலம். தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ வந்து நின்று, அவர் பார்க்க, உன் கையால் அதைத் துடைக்க வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் கப்பல் வருகிறது. தடித்த கோட்டு எடுத்து வா. வெளி அறையில் உன் கொக்கியில் நான் வேறெதையும் மாட்டவில்லை.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உன்னோடு வரட்டும். சீக்கிரம் வா தம்பி, நான் பொறுத்திருப்பேன், துரு பொறுக்காது.

உன் அக்கா,
ரக்னா