செருப்புப் போட்ட யானை

12-8-1998, புதன்

மகள் இறந்ததிலிருந்து, மனசு அடைக்கும்போதெல்லாம் அவள் சொன்ன கதையில் வரும் செருப்புப் போட்ட யானையைக் கட்டம் போட்ட கிராப் தாளில் வரைவேன். வரைந்தால்தான் மூச்சு வரும். யாருக்கும் காட்டியதில்லை.

இன்று என் வீட்டுக்காரருக்குத் தறிக்குச் சாப்பாடு கொண்டுபோனால், அவர் நெய்கிற பட்டுச்சேலை பார்டரில் என் யானைகள் வரிசையாக நிற்கின்றன! என் தாளைத் திருடி, அதைப் பார்த்துத் தறியில் மாட்டும் டிசைன் அட்டையில் துளை அடித்திருக்கிறார். எட்டு மாதமாக அவள் பேரையே எடுக்காத மனுஷன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"கேட்டா குடுத்திருப்பியா? எனக்கும் நெஞ்ச அடைச்சிகினுதான் இருந்திச்சி."

நான் நாலு காலுக்கும் செருப்பு வரைந்திருந்தேன். சேலையில் மூன்றுதான் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பாப்பா எப்பவும் ஒண்ணத் தொலைச்சிட்டுத்தான வந்து நிக்கும்" என்றார்.