படலையில் கட்டிய வேப்பிலை

ஆயிரம் பேச்சுப் பேசிவிட்டு அடுத்த நிமிடமே தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டும் என் மச்சாளுக்கு,

நீங்கள் போய் வருடத் திவசமும் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். காரியம் இல்லாமல் உங்களிடம் நான் எப்போது வந்தேன்? திரும்பவும் அந்தச் சளியும் இருமலுமான தடிமன் காய்ச்சல் வருகிறதாம், மச்சாள். ரேடியோவில் சொன்னார்கள். இந்த முறை இளம் ஆட்களைத்தான் தேடிப் பிடிக்கிறதாம். என் மகள் தேவிக்கு இது ஏழாம் மாதம்.

ஓம், நீங்கள் தோளில் போட்டு வளர்த்த அதே தேவிதான். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்கிறாள். வாய் மட்டும் அப்படியே உங்களுடையது. அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் நடக்கும்போது எனக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருடம் அவள் என் வயிற்றில் இருந்தாள். அதற்கு முதல் வந்த பிள்ளை தங்கவில்லை. கப்பலில் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது என்று துறைமுகப் பக்கமிருந்து கதை வந்த அன்றே நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினீர்கள். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கஞ்சிக்கு அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கிச் சேர்த்தீர்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் தனியாகப் படுக்கட்டும் என்று முன்னறையை ஒழித்தீர்கள். உங்கள் தம்பிக்கு, அதுதான் என் மனுசனுக்கு, சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் வேலை. அங்கேயே கூட்டாளியின் அறையில் தங்கு, பிள்ளை பிறந்த பிறகு வீட்டுப் பக்கம் வா என்று அவரைத் துரத்திவிட்டீர்கள். பாவம் மனுசன், சைக்கிளில் வந்து வாசல் படலைக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

வீடு தயார். ஆனால் ஆட்களை என்ன செய்வது? எங்கள் ஒழுங்கைத் தெருவில் நோய் வருத்தம் பார்க்கப் போகாதவளும் பிள்ளைத்தாச்சிக்குப் பலகாரம் கொண்டுபோகாதவளும் பெண்ணே இல்லை. இருமிக்கொண்டே வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, கன்னத்தைத் தடவி, தொதல் ஊட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் நேராகவே சொல்லிப் பார்த்தீர்கள், கொஞ்ச நாளைக்கு ஒருவரும் வரவேண்டாம் என்று. அன்று பின்னேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். என்ன கோபம், யார் என்ன சொன்னது, பேசித் தீர்ப்போம் என்று வந்து குந்திவிட்டார்கள்.

மறுநாள் காலை நீங்கள் வேப்பங் கொப்பை முறித்து வந்து படலையில் கட்டினீர்கள். அம்மை போட்டு அம்மாள் வருத்தம் வந்த வீட்டுக்குள் யார் கால் வைப்பார்கள்? யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, எனக்குத்தான் என்று குசினி யன்னலுக்குள் இருந்து குரல் கொடுத்தீர்கள். உடம்பில் ஒரு கொப்பளமும் இல்லை! அம்மாளின் பேரில் பொய் சொல்லலாமா, கண்ணைக் குத்திவிடுவாளே என்று அழுதேன்.

"அம்மாளும் பொம்பிளைதானே. பிள்ளைத்தாச்சியைக் காப்பாத்தக் கட்டினது எண்டு விளங்கும். விளங்காட்டில் என்னைக் கேக்கட்டும், உன்னை இல்லை" என்றீர்கள்.

உங்கள் கெட்டித்தனத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பக்கத்து வீட்டு ரகுமத்தும்மா வேலியடிக்கு வந்து நின்றார். அம்மாள் வருத்தக்காரியோடு பிள்ளைத்தாச்சியை ஒரே வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டார். "அவவ எங்கட ஊட்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிறன்" என்றார். எனக்காக அறையைக் கூட்டிப் பாய் விரித்துவிட்டே வந்திருந்தார். அந்த வீட்டிலோ பாதிப் பேர் இருமிக்கொண்டு கிடந்தார்கள். வேறு வழியில்லாமல் அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னீர்கள். அவர் கோபிக்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் மீன் பொரிக்க ஏலாதே, மணம் காட்டிக்கொடுத்துவிடுமே என்றார்.

அதை நாங்கள் நினைக்கவேயில்லை. அம்மாள் வருத்த வீட்டில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, மீன் மச்சமும் இல்லை. உங்களுக்கோ மீன் இல்லாமல் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. அன்றிலிருந்து ரகுமத்தும்மா தன் குசினியில் பொரித்து, மூடி, வேலிக் கட்டையில் வைத்துவிட்டு விலகிப் போவார். நீங்கள் அதை எங்கள் தட்டுக்கு மாற்றிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வருவீர்கள்.

வந்து, தட்டை அப்படியே என் பக்கம் தள்ளுவீர்கள். ஒரு துண்டும் நீங்கள் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "வேப்பிலைதான் பொய். விரதமாவது உண்மையாய் இருக்கட்டும்" என்றீர்கள். தாளிக்காத பருப்பையும் சோற்றையும் முகம் சுளிக்காமல் தின்றீர்கள்.

காய்ச்சல் ஒழுங்கையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. உங்கள் தம்பியும் சீனன்குடாவில் கிடந்து எழும்பினார். அதை எனக்கு மறைத்தீர்கள். காய்ச்சல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. தேவி முழுசாகப் பிறந்தாள். உங்கள் முகத்தில் ஒரு வடுவும் இல்லையே என்று கேட்டவளுக்கு, அம்மாளுக்கு என்னில் பட்சம் என்று பதில் சொன்னீர்கள். அப்படி ஒரு வாய்!

இப்போது நானும் எல்லாம் வாங்கிவிட்டேன். முன்னறையை ஒழித்துவிட்டேன். உங்கள் தம்பியையும் தேவியின் புருசனையும் தம்பலகாமத்தில் சம்பந்தி வீட்டிலேயே தங்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த முறையும் அந்த மனுசனுக்குப் படலைக்கு வெளியேதான் இடம். ஆனால் ஒழுங்கை அதே ஒழுங்கைதான். நேற்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து தேவியின் வயிற்றைத் தடவினாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சாள். நீங்கள் இல்லாத வீடு எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இன்று காலை வேப்பங் கொப்பை முறித்தேன். படலையில் கட்டினேன். ரகுமத்தும்மா வேலியடிக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. குரல் மட்டும் பழைய குரல். "ஆருக்கு அம்மாள்?" என்று ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உங்களை நினைத்திருப்பார், கண் கலங்கியது. "சரி. அப்ப மீன நான் பொரிக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மத்தியானம் வேலிக் கட்டையில் தட்டு இருந்தது. பாரை மீன், உங்களுக்குப் பிடித்த நடுத்துண்டு. நான் அதைத் தேவி பக்கம் தள்ளினேன். நீங்கள் சாப்பிடவில்லையா அம்மா என்று கேட்டாள். பசியில்லை என்றேன்.

பிள்ளை கைக்கு வரும்வரை ஒரு துண்டும் தொடமாட்டேன், மச்சாள். இது சத்தியம். அம்மாள் கேட்டால் என்னைக் கேட்கட்டும். நீங்கள் அங்கே பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், எனக்காக நாலு வார்த்தை பேசிவிடுங்கள்.

உங்கள் வாய்க்குப் பயந்து வாழ்ந்து, இப்போது அந்த வாயைத் தேடும்
உங்கள் தம்பி பெண்சாதி
பூமணி