தண்ணீர் குடிக்காத எலி

என் பெண்ணின் அப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. அங்கே பாலைவனத்தில் நீங்கள் ஆராயும் எலியும் பல்லியும் நலம் என்று தெரியும். முள்செடி எப்படி இலையே இல்லாமல் தண்டில் தண்ணீரைப் பதுக்கிக்கொள்கிறது என்று போன கடிதத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். பெண் எந்த வகுப்பு என்று ஒரு வரி கேட்கவில்லை.

நம் பெண் வாலு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பதறாதீர்கள். பதற மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். திங்கட்கிழமை பள்ளியில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். எனக்குத் தகவல் வருவதற்கு முன்பே அவளுடைய சிறுநீர் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்துவிட்டது. டிகாக்‌ஷன் நிறம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கண் கூசுகிற அளவுக்கு உப்புப் படிகம். இந்த ஆள் தண்ணீரையே பார்த்ததில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிண்டலாகச் சொல்லிவிட்டுத்தான் சீட்டில் பெயரைப் பார்த்தேன். சிறுநீரகத்தில் கல். ஒன்பது வயதில்.

கேட்டுக் கேட்டு நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். என்னையும் பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஐந்து மாதத்துக்கு முன் உங்களுக்கு எழுதியிருக்கிறாள். உங்கள் பதிலைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். இங்கே ஓர் எலி இருக்கிறது, பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது, காய்ந்த விதையைத் தின்றே காலம் தள்ளும், பகலெல்லாம் வளையை அடைத்துக்கொண்டு கிடக்கும், நீயும் அப்படி இருக்கப் பழகிவிட்டால் உடனே வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுக்குத்தான். இரண்டு வருஷமாக அப்பாவைப் பார்க்காதவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

பழகியிருக்கிறாள். பள்ளிக்குக் கொடுத்துவிட்ட தண்ணீரை மாடிப்படி ஓரத்துப் பூந்தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். மாலையில் பாட்டில் காலியாக வரும், நானும் மெச்சிக்கொள்வேன். வறுத்த கடலை கேட்டாள், டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தேன். லீவு நாளில் திரையை இழுத்துவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தால், பெண் அடக்கமாகப் படிக்கிறது என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக ஊரார் உடம்பையெல்லாம் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறவளுக்கு வீட்டில் நடந்தது தெரியவில்லை. என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். உங்களை எதால் அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த எலியின் சிறுநீரகம் சொட்டு விடாமல் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். அப்படி அமைய அதன் இனத்துக்கு எத்தனையோ ஆயிரம் தலைமுறை ஆகியிருக்கும். இவளுக்கு ஐந்து மாதம்தான் கிடைத்தது.

இப்போது ட்ரிப்ஸ் ஏறுகிறது. வாய்வழியாக நிறையக் குடித்தால்தான் கல் வெளியேறும், இல்லாவிட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். டம்ளரை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். நர்ஸ் அதட்டி ஒரு மடக்கு விழுங்க வைத்தபோது தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு என் காதருகில் வந்து, "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. இத்தனை நாள் பழகினதெல்லாம் வீணாப் போயிடும்" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆராய்ச்சி நல்லபடியாக நடக்கட்டும். அந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்காக வர வேண்டாம், அந்த ஆசை எப்போதோ விட்டுப்போயிற்று. ஒரே ஒரு நாள் வந்து, அவள் கட்டிலருகில் உட்கார்ந்து, அவள் பார்க்க நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா